கிளென் கேன்யன் அணை: எந்த உயிரினத்தை வைத்து ஆற்றை எடைபோடுவது?

நீர்மின் அணைகளின் சுற்றுச்சூழல் அறிக்கைகளில் உயிரினப் பட்டியலுக்குப் பஞ்சமே இருக்காது. மீன், பறவை, பாலூட்டி, செடிகொடி என்று பக்கம் பக்கமாக வரும். ஆனால் அணை ஓடத் தொடங்கிய பிறகு அவற்றில் எந்த நான்கைந்தை ஆண்டுதோறும் எண்ணப் போகிறார்கள், ஏன் அவற்றை மட்டும் என்று தேடினால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. எல்லாவற்றையும் எண்ண எந்த அரசிடமும் ஆளும் பணமும் இல்லை. அதனால் ஆற்றின் நிலையைச் சொல்லக்கூடிய சில உயிரினங்களைப் பொறுக்கியெடுக்கிறார்கள். குறிகாட்டி உயிரினங்கள் என்பவை இவைதான். பொறுக்குவதில் பிசகினால், இருபது ஆண்டு எண்ணிய பிறகும் அணை என்ன செய்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று பார்க்க அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆற்றின் மேல் நிற்கும் கிளென் கேன்யன் அணையை எடுத்துக்கொள்கிறேன். நல்ல தேர்வு, மோசமான தேர்வு, தற்செயலாக அமைந்த தேர்வு மூன்றும் அங்கே நடந்திருக்கின்றன. எல்லாம் பொதுப் பதிவிலும் இருக்கின்றன.

அணை மாற்றியது எதை?

1963 மார்ச்சில் அணையின் கதவுகள் அடைக்கப்பட்டன. உயரம் 216 மீட்டர், மின் உற்பத்தித் திறன் 1,320 மெகாவாட். பின்னால் தேங்கிய பவல் ஏரி முதன்முறையாக நிரம்பியது 1980இல். அணைக்குக் கீழே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் லீஸ் ஃபெர்ரி, அதற்கப்புறம் மார்பிள் கேன்யன், கிராண்ட் கேன்யன். பிறகு ஆறு மீட் ஏரியில் போய்ச் சேர்கிறது.

முதல் மாற்றம் வெப்பநிலையில். அணைக்கு முன் ஆற்று நீர் குளிர்காலத்தில் உறைநிலையை நெருங்கும், கோடையில் 27, 28 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டர்பைனுக்கு நீர் எடுக்கும் குழாய் வாய்கள் நிரம்பிய ஏரியின் மேல்மட்டத்திலிருந்து 70 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. அங்கே வெயில் எட்டாது. அதனால் ஏரி நிரம்பிய பின் ஆண்டு முழுக்க 8 முதல் 12 டிகிரிக்குள் நீர் வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது வண்டல். காவியாய்க் கலங்கி ஓடிய ஆறு, அணைக்குக் கீழே கண்ணாடிபோலத் தெளிந்தது. பரியா, லிட்டில் கொலராடோ என்ற இரு துணையாறுகள் கொண்டுவரும் மணல்தான் மிச்சம். மூன்றாவது, கோடை முகத்தில் பனி உருகி வரும் பெருவெள்ளம் நின்றுபோனது. நான்காவது மாற்றத்தைத்தான் நெடுங்காலம் யாரும் உயிரினங்களோடு சேர்த்து யோசிக்கவில்லை. பகலில் மின் தேவை கூடும்போது நீர் அதிகம் திறக்கிறார்கள், இரவில் குறைக்கிறார்கள். 1991க்கு முன், ஒரே நாளுக்குள் வினாடிக்குச் சில ஆயிரம் கன அடியிலிருந்து 30,000 கன அடி வரை ஏறி இறங்கியதுண்டு. இந்த வீச்சை 1996இல் வந்த புதிய இயக்க விதிகள் குறைத்தன. நாளொன்றுக்கு 5,000 முதல் 8,000 கன அடி வரைதான் மாறலாம், மொத்தமாக 25,000ஐத் தாண்டக் கூடாது என்றார்கள். குறைத்தார்களே தவிர, தினமும் ஏறி இறங்குவது நிற்கவில்லை.

இந்த நான்கையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குறிகாட்டி உயிரினம் இவற்றில் எதைச் சொல்கிறது என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் வராவிட்டால், அதை எண்ணிப் பயனில்லை என்பது என் கருத்து. கிளென் கேன்யனில் நடந்தது தலைகீழ். உயிரினங்கள் முதலில் வந்தன, கேள்வி பின்னால் வந்தது.

சட்டம் தேர்ந்தெடுத்த மீன்

கிராண்ட் கேன்யனில் எட்டு நாட்டு மீன் இனங்கள் இருந்தன. கொலராடோ பைக்மின்னோ, போனிடெயில், ரவுண்ட்டெயில் சப் மூன்றும் அங்கிருந்து அற்றுப்போயின. ரேசர்பேக் சக்கரும் போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். 2010களில் மேற்குப் பகுதியில் அது மறுபடி தென்பட்டது. தாக்குப்பிடித்தவற்றில் எல்லோர் கண்ணும் விழுந்தது ஹம்ப்பேக் சப் மீது. தலைக்குப் பின்னால் கூன் விழுந்த, கலங்கிய வேக நீருக்கென்றே உருவான மீன் அது. அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்ததே 1946இல்தான். 1967இல் அழியும் அபாயப் பட்டியலில் சேர்த்தார்கள். சட்டப் பாதுகாப்பு வந்ததும் கண்காணிப்புப் பணமும் அதன் பின்னால் வந்தது.

குறிகாட்டியாக அதற்குத் தகுதி இல்லாமல் இல்லை. வெப்பநிலையோடு அதன் தொடர்பு நேரடியானது. முட்டை பொரிந்து குஞ்சு பிழைக்க 16 டிகிரிக்கு மேல் வேண்டும். 10 டிகிரி நீரில் குஞ்சு தேறாது. அதனால்தான் அணைக்குப் பின் அந்த மீன் பிரதான ஆற்றை விட்டுவிட்டு, வெதுவெதுப்பான லிட்டில் கொலராடோவுக்குள் போய் இனப்பெருக்கம் செய்தது. தெளிந்த நீரும் அதற்குப் பகை. கண்ணால் இரை தேடும் டிரவுட் மீனுக்குத் தெளிந்த நீரில் சப் குஞ்சுகள் சுலபமாக அகப்படும்.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. இது முப்பது ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய மீன், பருவமடையவே நான்கு ஆண்டு ஆகும். முதிர்ந்த மீன்களின் எண்ணிக்கை இன்று சரிகிறது என்றால், காரணம் நான்கைந்து ஆண்டுக்கு முன் குஞ்சுப் பருவத்தில் நடந்த ஏதோ ஒன்று. இந்த இடைவெளியில் அணையின் இயக்க விதி மாறியிருக்கும், மழையளவு மாறியிருக்கும், வேறு மீன் நுழைந்திருக்கும். எதைக் குற்றம் சொல்வது?

இந்தக் குழப்பம் நிஜமாகவே நடந்தது. 2003 முதல் 2006 வரை, லிட்டில் கொலராடோ வந்து சேரும் இடத்தருகே 19,000க்கும் மேற்பட்ட ரெயின்போ டிரவுட்களைப் பிடித்து அகற்றினார்கள். சப் குஞ்சுகள் பெருகின. வெற்றி என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே காலத்தில் வறட்சியால் பவல் ஏரி இறங்கியிருந்தது. குழாய் வாய்கள் மேல்மட்டத்து வெப்ப நீருக்கு அருகில் வந்ததால் ஆறு சூடேறியது. போதாததற்கு, ஒப்பீட்டுக்காக மீன் பிடிக்காமல் விட்டுவைத்த பகுதியிலும் டிரவுட் குறைந்துபோயிருந்தது. சப் பெருகியது டிரவுட் போனதாலா, நீர் சூடானதாலா? ஒரே ஒரு மீனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

இந்த அகற்றலை சூனி பழங்குடியினர் எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அந்தச் சங்கமம் புனித இடம். அங்கே ஆயிரக்கணக்கில் உயிர்களைக் கொல்வதை அவர்கள் ஏற்கவில்லை. பிற்பாடு, மீனைக் கொல்லாமல் உயிரோடு பிடித்து வேறிடம் கொண்டுபோகும் வழிகளைப் பேச வேண்டியதாயிற்று. எதை எண்ணுவது, எதை அகற்றுவது என்பது அறிவியல் மேசையோடு முடிகிற விஷயம் இல்லை.

சப் இன்று முன்பைவிட நல்ல நிலையில் இருக்கிறது. 2021இல் அதன் சட்ட நிலையை ஒரு படி தளர்த்தினார்கள். மேற்கு கிராண்ட் கேன்யனில் அது நன்றாகப் பெருகியதில் ஏரி இறங்கி நீர் சூடானதற்கும் பங்குண்டு. அணையின் இயக்கம் திருந்தியதற்கான சான்றாக இதை யாராவது காட்டினால் சற்று நிதானித்துக் கேட்பது நல்லது. வறட்சியும் இதே வேலையைச் செய்யும்.

நீண்ட ஆயுள் மீன்களின் இந்தக் குறை எங்கும் உண்டு. யாங்சி ஆற்றில் 1981இல் கெசோபா அணை வலசைப் பாதையை அடைத்த பிறகும் சீனத் துடுப்பு மீன் உடனே காணாமல் போகவில்லை. கடைசியாக 2003இல் ஒன்று தென்பட்டது. நடுவிலிருந்த இரண்டு பத்தாண்டுகளும் 'மீன் இன்னும் இருக்கிறது' என்று ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். கிழட்டு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

அணையால் பிழைத்தவை

கிளென் கேன்யனில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒரு நத்தை. கிராண்ட் கேன்யனுக்குள் வேசிஸ் பாரடைஸ் என்ற ஊற்றங்கரையில் வாழும் கனாப் ஆம்பர் நத்தை 1992இல் அழியும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. 1996 மார்ச்சில் மணல் திட்டுகளை மீட்பதற்காக ஏழு நாள் வினாடிக்கு 45,000 கன அடி நீரைத் திறந்து செயற்கை வெள்ளம் விட்டார்கள். அதற்கு முன் நத்தைகளைப் பொறுக்கி மேட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பிந்தைய வெள்ளம் ஒன்றுக்கு முன், நத்தை ஒட்டியிருந்த செடித் திட்டுகளையே பெயர்த்தெடுத்து வைத்தார்கள்.

ஆனால் அந்தச் செடிகள் அவ்வளவு கீழே படர்ந்ததே அணையால்தான். ஆண்டுதோறும் கரையை அரித்துக்கொண்டு போன வெள்ளம் நின்றதும், ஊற்றோரச் செடிகள் ஆற்றை நோக்கி இறங்கின. கூடவே நத்தையும் இறங்கியது. அதை ஆற்றின் ஆரோக்கியத்துக்குக் குறிகாட்டியாக வைத்தால், எண்ணிக்கை கூடும்போது ஆறு இயல்பிலிருந்து விலகுகிறது என்று பொருள். ஆற்றுக்கு நல்லது செய்ய விட்ட வெள்ளம் இந்தக் கணக்கில் பாதகமாகப் பதிவாகும். பிற்பாடு மரபணு ஆய்வில் அது தனித் துணையினமே அல்ல என்று தெரிந்து, 2021இல் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள்.

நத்தை தனி ஆள் இல்லை. வெள்ளம் நின்ற கரைகளில் டாமரிஸ்க் என்ற வெளிநாட்டுப் புதர் மண்டியது. பாதுகாக்கப்பட்ட தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பான் அதில் கூடு கட்டியது. நாங்கோவீப் ஓடையில் முட்டையிட வந்த ரெயின்போ டிரவுட்களைத் தின்ன, 1980களின் பிற்பகுதியில் வெண்தலைக் கழுகுகள் குளிர்காலத்தில் கூட்டமாக வந்தன. அந்த டிரவுட்டும் ஆற்றுக்குச் சொந்தமில்லை. 1960களில் கொண்டுவந்து விட்டவற்றின் வழி வந்தது. லீஸ் ஃபெர்ரியில் தூண்டில்காரர்களுக்கு அதுதான் பெருமை. ஆக கழுகு கூடினால் குளிர்ந்த தெளிந்த நீர் கூடியிருக்கிறது, அதாவது அணையின் பாதிப்பு முழு வீச்சில் இருக்கிறது என்றுதான் படிக்க வேண்டும்.

பறவை இனங்களின் எண்ணிக்கையைப் போட்டு 'பல்லுயிர் வளம் கூடியது' என்று எழுதும் அறிக்கைகளை இதனால்தான் நம்ப முடிவதில்லை. குறிகாட்டியின் எண்ணிக்கை எந்தத் திசையில் போனால் நல்லது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அணையால் ஆதாயம் அடைந்த இனத்தையும் எண்ணலாம், தப்பில்லை. அது கூடுவது எதைக் காட்டுகிறது என்று தெரிந்து எண்ண வேண்டும்.

பூச்சிகள் சொன்ன கதை

ஆற்று ஆய்வில் பழக்கமான மூன்று பூச்சிக் குழுக்கள் உண்டு. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை. இளம்பருவம் நீருக்கடியில், முதிர்ந்த பருவம் கரையில். ஆயுள் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகள்தான், எனவே மாற்றம் சீக்கிரம் தெரியும். நீரின் தரத்தை அறிய உலகம் முழுக்க இவற்றை எண்ணுகிறார்கள்.

கிளென் கேன்யன் அணைக்குக் கீழே இந்த மூன்றும் கிட்டத்தட்ட இல்லை. மிட்ஜ் என்ற கொசு போன்ற கடிக்காத பூச்சியும் பிளாக்ஃப்ளையும்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. நீர் குளிர்ந்துவிட்டது, அதனால் பூச்சி இல்லை என்றுதான் நீண்ட நாள் விளக்கம் சொன்னார்கள். டிரவுட்டுக்குத் தீனியாக 1960களில் காமரஸ் என்ற சிற்றிறாலையும் சில பூச்சி வகைகளையும் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். காமரஸ் நிலைத்தது, மேஃப்ளை நிலைக்கவில்லை. 1995இல் நியூசிலாந்து சேற்று நத்தை வேறு வந்து சேர்ந்தது. டிரவுட் அதை விழுங்கினாலும் சரியாகச் செரிப்பதில்லை. ஆற்றடியில் இருக்கும் மொத்த உயிர் எடையை மட்டும் அளந்தால் இந்த நத்தை கணக்கைக் கொழுக்க வைத்துவிடும். எந்த உயிர், யாருக்கு உணவாகிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

குளிரைத் தவிர வேறு காரணம் உண்டா என்ற கேள்விக்கு விடை கிடைத்த விதம் அழகானது. பாறைச் சுவர்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் ஆறு அது. ஆய்வாளர்கள் எல்லா இடத்துக்கும் போய் எண்ண முடியாது. ஆனால் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு படகுக்காரர்கள் எப்போதும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கிராண்ட் கேன்யன் மையம் அவர்களிடம் எளிய விளக்குப் பொறிகளைக் கொடுத்தது. இரவு தங்கும் கரையில், பொழுது சாய்ந்ததும் ஒரு மணி நேரம் விளக்கைப் போட்டு, விழும் பூச்சிகளை ஆல்கஹாலில் சேகரித்துத் தர வேண்டும். 2012க்கும் 2014க்கும் இடையில் இப்படி 2,500க்கும் மேற்பட்ட மாதிரிகள் வந்தன.

வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது மிட்ஜ் எண்ணிக்கை ஆற்றின் நீளம் நெடுக அலைபோல ஏறி இறங்கியது. அணையில் பகலில் திறக்கும் நீர் ஓர் அலையாகக் கீழே பயணிக்கிறது. அது பள்ளத்தாக்கின் ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். மிட்ஜ் முட்டையிடுவது அந்தி நேரத்தில், நீரோரத்தில். அந்தியில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் இடத்தில் இட்ட முட்டைகள் பிறகு நீர் ஏறி மூழ்கிப் பிழைக்கின்றன. அந்தியில் உயர்ந்திருக்கும் இடத்தில் இட்டவை, நீர் இறங்கியதும் கரையில் காய்ந்து கருகுகின்றன. எங்கே தாழ்நீர் அந்தியோடு பொருந்துகிறதோ அங்கே பூச்சி அதிகம்.

மிட்ஜுக்காவது இடத்துக்கு இடம் வாய்ப்பு மாறுகிறது. கரையோரக் கல்லில் முட்டையை ஒட்டவைத்துவிட்டுப் போகும் மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை வகைகளுக்கு அடி இன்னும் பலம். அவற்றின் முட்டை பொரிய நாளும் அதிகம் ஆகும். மேற்கு அமெரிக்காவின் வேறு பல அணைகளோடு ஒப்பிட்டபோதும், நீர்மட்டம் தினமும் அதிகம் ஏறி இறங்கும் இடங்களில் இந்தக் குழுக்கள் குறைந்திருந்தன. இந்த முடிவுகள் 2016இல் வெளியாயின.

குறிகாட்டி உயிரினம் என்றால் இப்படி இருக்க வேண்டும். வண்டலையும் வெள்ளத்தையும் தள்ளிவைத்து ஒரே ஒரு பாதிப்பை, நாளுக்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்தை, விரல் நீட்டிக் காட்டியது. எங்கே, எந்த நேரத்தில், முட்டை என்ற எந்தப் பருவத்தில் அடி விழுகிறது என்பதையும் சொன்னது. காரணம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததால் மாற்றும் தெரிந்தது. 2018 மே முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறுகளில் மட்டும் நீரைத் தாழ்வாக, ஒரே சீராக விட்டார்கள். வார இறுதியில் இட்ட முட்டைகள் அடுத்த வாரம் முழுக்க நீருக்கடியிலேயே இருக்கும். மின் தேவை குறைந்த நாட்கள் என்பதால் வருவாய் இழப்பும் குறைவு. 2019, 2020 கோடைகளிலும் இதைத் தொடர்ந்தார்கள். முதல் ஆண்டிலேயே கேடிஸ்ஃப்ளை எண்ணிக்கை கூடியது. சப் மீனை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பதிலுக்கு இன்னும் நான்கு ஆண்டு காத்திருந்திருக்க வேண்டும்.

பூச்சியிலும் குறை உண்டு. கொலராடோவின் துணையாறான கிரீன் ஆற்றில் உள்ள ஃபிளேமிங் கார்ஜ் என்ற மேலணையில் 1978இல் ஏரியின் வெவ்வேறு மட்டத்திலிருந்து நீர் எடுக்கும் அமைப்பைப் பொருத்தி ஆற்றைச் சூடாக்கினார்கள். ஆனாலும் பூச்சி இனவளம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரு தடையை எடுத்தால் அடுத்த தடை பிடித்துக்கொள்கிறது. பூச்சி திரும்பவில்லை என்பதாலேயே வெப்பநிலை ஒரு பொருட்டல்ல என்று முடிவு கட்ட முடியாது.

முன்பு எப்படி இருந்தது?

1950களின் இறுதியில் ஏரியில் மூழ்கப்போகும் பகுதியில் உயிரியல் கணக்கெடுப்பு நடந்தது. அதை நடத்தியது யூட்டா பல்கலைக்கழகம். மூழ்கப்போவதைப் பதிவு செய்துவைப்பதே அதன் நோக்கம். அணைக்குக் கீழே என்ன மாறும் என்று பார்க்க அது திட்டமிடப்படவில்லை. ஃபிளேமிங் கார்ஜ் கதை இதைவிட மோசம். 1962 செப்டம்பரில், அணை நிரம்புமுன், தூண்டில்காரர்கள் விரும்பும் மீனுக்கு இடம் பண்ணித்தர கிரீன் ஆற்றிலும் துணையாறுகளிலும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்துக்கு ரோட்டனோன் நஞ்சைக் கலந்து நாட்டு மீன்களைக் கொன்றார்கள். அதற்குப் பின் எடுக்கும் எந்தக் கணக்கும் 'அணைக்கு முந்திய நிலை' ஆகாது.

பழைய கணக்கு இல்லாத இடத்தில் கைகொடுப்பது ஒப்பீட்டு இடம். கொலராடோவில் அது பவல் ஏரிக்கு மேலே உள்ள கேட்டராக்ட் கேன்யன். கலங்கிய நீர், கோடைச் சூடு, வசந்த வெள்ளம் எல்லாம் இன்னும் ஓரளவு மிச்சமிருக்கும் பகுதி. அங்கே மேஃப்ளையும் கேடிஸ்ஃப்ளையும் வாழ்கின்றன. கீழே இல்லாதது மேலே இருக்கிறது என்றால் அது அந்த ஆற்றுக்கு உரியதுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். ஒப்பீட்டு இடத்தில் கிடைக்காத இனத்தைக் குறிகாட்டியாக வைத்து எதையும் நிறுவ முடியாது.

2022இல் வந்த விருந்தாளி

அந்த ஆண்டு பவல் ஏரி மிகவும் இறங்கியது. வெளிவரும் நீர் கோடையில் 20 டிகிரியைத் தொட்டது. ஏரியின் மேல்மட்டத்தில் வாழும் ஸ்மால்மவுத் பாஸ் என்ற, இந்த ஆற்றுக்குச் சொந்தமில்லாத வேட்டை மீன் டர்பைன் வழியாகக் கீழே வந்து, அணைக்குச் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த தேங்கு நீர்ப் பகுதியில் குஞ்சு பொரித்தது. மேல்படுகையில் நாட்டு மீன்களை வாரித் தின்ற இனம் அது. சப் மீனுக்கு இதமான அதே சூடு இதற்கும் இதம்.

நாற்பது ஆண்டுகளாகக் குளிர் நீர்தான் எதிரி என்று எழுதிவந்த இடத்தில், 2024 ஜூலை முதல் அடிமட்டக் குழாய்கள் வழியாகக் குளிர்ந்த நீரைக் கலந்துவிட்டார்கள். லிட்டில் கொலராடோ சங்கமத்தருகே 15.5 டிகிரிக்கு மேல் போகாமல் பார்ப்பது நோக்கம். அந்தக் குழாய்களில் போகும் நீரால் மின்சாரம் கிடைக்காது, எனவே அதற்கு விலை உண்டு.

குறிகாட்டிப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இதில் வேலை கூடுகிறது. இருக்கும் இனத்தை எண்ணினால் மட்டும் போதாது, இன்னும் வராத இனத்தையும் தேட வேண்டும். அதற்கான முறையே வேறு. சப் மீனுக்குத் தோலடியில் நுண் அடையாளச் சில்லு பொருத்தி, மறுபடி பிடிபடுவதை வைத்து மொத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். பாஸ் மீனுக்கு அது உதவாது. நீர் தேங்கும் மூலைகளில் வெப்பமானி வைத்து, சூடு ஏறும் வாரங்களில் குஞ்சு தேட வேண்டும்.

இந்த ஆற்றுக்கு இன்று புதிதாகப் பட்டியல் போடச் சொன்னால் நான் நான்கு வரிகள் எழுதுவேன். தினசரி ஏற்ற இறக்கத்துக்கு மிட்ஜும் கேடிஸ்ஃப்ளையும், விளக்குப் பொறியில், ஒவ்வொரு கோடையும். வெப்பநிலைக்கு சப் குஞ்சுகள், பிரதான ஆற்றில் மட்டும். முதிர்ந்த மீன்களின் எண்ணிக்கையைச் சட்டத்துக்காக எடுத்துக்கொள்ளட்டும், அணையை எடைபோட அது வேண்டாம். நுழைவு எச்சரிக்கைக்கு பாஸ். வெள்ளம் இல்லாமைக்கு டாமரிஸ்க் படர்ந்த பரப்பு, அது குறைந்தால் நல்லது என்ற குறிப்போடு. ஆனால் அதிலும் ஓர் அடிக்குறிப்பு வேண்டும். டாமரிஸ்க் இலையைத் தின்னும் வண்டு 2009இல் கிராண்ட் கேன்யனுக்குள் வந்துவிட்டது. புதர் குறைந்தால் வெள்ளம் வேலை செய்ததா, வண்டு வேலை செய்ததா என்று இலைகளையும் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.